யார் கழுவுவது?

எங்கள் பக்கம் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேச்சை எடுத்தால் அது நேராக ஆயா காலத்தில், அதாவது பாட்டி காலத்தில்தான், போய் நிற்கும். அப்போதெல்லாம் வாழை இலை, பித்தளைச் செம்பு, பனையோலைக் கொட்டான், மஞ்சள் பை. குப்பை என்று வீட்டை விட்டு வெளியே போனது எல்லாம் எருக்குழிக்குத்தான் போனது. இப்போது பார், ஊருணிக் கரை முழுக்கப் பாலிதீன், நாம்தான் கெட்டுப்போனோம். இவ்வளவும் சொல்லி முடித்து ஒரு பெருமூச்சு. பிறகு, பேசியவரே கையில் இருக்கும் பாட்டிலைத் திருகி ஒரு மடக்கு குடித்துவிட்டு, மீதியை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.

இந்தப் பேச்சில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் அதில் ஏதோ விடுபட்டுப் போகிறது என்று எனக்கு நெடுநாளாக உறுத்தல். காரைக்குடியைச் சுற்றி இருப்பவர்களுக்கு விசேஷங்களுக்குப் பஞ்சமே கிடையாது. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல் போட்டுப் பங்காளிகள் கூடி உண்பது), கோயில் மண்டகப்படி என்று மாதம் தவறாமல் ஏதாவது ஒரு பந்தியில் உட்கார்ந்து எழுகிறோம். ஒவ்வொரு பந்திக்கும் பின்னால் கறுப்புப் பைகளில் மலையாகக் குவிகிற குப்பையையும் பார்க்கிறோம். பார்த்துவிட்டு அடுத்த பந்தியில் ஆயா காலத்தைப் பேசுகிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை எனக்குக் கேட்டுக்கொடுத்தவர் பாத்திரம் கழுவ வந்த ஒரு பெண்.

சென்ற ஆவணியில் உறவில் ஓர் அறுபதாம் கல்யாணம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெரிய வீடு. பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். பங்காளிகளில் பாதிப் பேர் சென்னையில், மற்றவர்கள் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும். விசேஷத்துக்குச் சற்று முன்னால் ஆள் விட்டு ஒட்டடை அடித்து, ஆத்தங்குடித் தரைக் கல்லைத் துடைத்து, முகப்பில் வாழை மரம் கட்டினால் வீட்டுக்கு உயிர் வந்துவிடும். பந்தியில் இலை என்னவோ வாழை இலைதான். அதில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. இலையைச் சுற்றி என்ன இருந்தது என்று சொல்கிறேன். மேசைமேல் விரித்தது வழுவழுப்பான காகிதச் சுருள். அந்த வழுவழுப்பு பிளாஸ்டிக் பூச்சு. இலைக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில். பாயசத்துக்கு ஒரு காகிதக் குவளை, ரசத்தைக் குடிக்க இன்னொன்று, ஐஸ்கிரீமுக்கு ஒரு கிண்ணம். பரிமாறுகிறவர் கையில் பாலிதீன் உறை. ஐஸ்கிரீம் கரண்டி மட்டும் மரம். சட்டம் அந்த அளவுக்குச் செட்டிநாட்டை எட்டிவிட்டது.

அன்று மாலை, சாமி வீட்டில் ஏற்ற ஒரு குத்துவிளக்கு வேண்டும் என்று வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, ஒட்டிய அறை ஒன்றைத் திறந்தார்கள். விளக்கை எடுக்க நானும் உள்ளே போனேன். சுவரோடு சுவராக அண்டா, தவலை, கிடாரம். சாக்கில் கட்டி வைத்த எவர்சில்வர் டம்ளர்கள். ஒரு சாக்கின் வாய் அவிழ்ந்து பத்துப் பதினைந்து தரையில் உருண்டு கிடந்தன. நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டுகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியது, நடுநடுவே பழைய செய்தித்தாள். ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய விலாசம். தகப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்துகள். இந்த விலாசம் இருந்ததால்தான் பாத்திரம் ஊரெல்லாம் இரவல் போய், கல்யாணம் முடிந்ததும் பிசகாமல் வீட்டுக்குத் திரும்பியது. ஒரு பந்திக்கு மட்டுமல்ல, பங்காளிகள் வீட்டுப் பந்திகள் அத்தனைக்கும் போதுமான பாத்திரம் அந்த அறைக்குள் இருந்தது. அதற்கு நாலு சுவர் தள்ளித்தான் பாட்டில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

(இந்த எனாமல் தட்டுகளில் பல சுவீடனிலிருந்து கப்பலேறி வந்தவை. நாம் இன்று பாலிதீன் பை என்று சொல்லும் அந்தக் கைப்பிடி வைத்த பையை வடிவமைத்து 1965இல் காப்புரிமை பெற்றதும் ஒரு சுவீடன் நிறுவனந்தான். ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற பொறியாளரின் வேலை அது. முதலில் வந்த தட்டு அறைக்குள் இருக்கிறது, பின்னால் வந்த பை ஊருணியில் இருக்கிறது. அறைக்குள் இருப்பதும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அது விலைக்குத் தொங்குகிறது.)

வீட்டின் பின்கட்டில், கிணற்றடியில், சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார் அந்த அக்கா. ஐம்பது வயதிருக்கும். பக்கத்துக் கிராமம். விளக்கைக் கழுவ நான் அங்கே போய் நின்றபோது அறையில் பார்த்ததைச் சொன்னேன். "அவ்வளவு டம்ளர் உள்ளேயே இருக்கிறது அக்கா. எடுத்து வைத்திருந்தால் இந்தப் பாட்டிலே வேண்டியிருக்காது."

அவர் அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: "எடுத்து வைக்கலாம் ஆச்சி. யார் கழுவுவது?"

பிறகு வெளியே வந்து, கையை உதறிவிட்டு, சாவகாசமாகச் சொன்னார். அவருடைய மாமியார் இதே வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்தவர். பந்தி தொடங்கும் முன் உட்கார்ந்தால் கடைசிப் பந்தி முடிந்தும் எழுந்திருக்க முடியாது. சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் கொண்டு, டம்ளர், கிண்ணம், தாம்பாளம் என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கூலி என்பது மிஞ்சின சோறும் ஒரு சேலையும், கொடுக்கிறவர் மனசைப் பொறுத்துக் கொஞ்சம் காசும். "பாட்டிலும் கப்பும் வந்த பிறகுதான் ஆச்சி, நான் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிறேன். அதற்கு முன்னால் இங்கேயே ஒரு மூலையில் படுத்துவிட்டுக் காலையில்தான் போவேன்." அவர் காலைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, ஊறிப் பிளந்திருந்தது. சேற்றுப்புண். நாற்று நடுகிறவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்திருந்தால், கல்யாண வீட்டுக் கிணற்றடியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார்; தண்ணீரில் அது எவ்வளவு நேரம் நிற்கும்?

பிளாஸ்டிக்கைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தப் பஸ் வரவில்லை.

### படத்தில் இல்லாதவர்கள்

ஆயா காலத்துச் சித்திரத்தை இப்போது மறுபடி மனதில் விரித்துப் பாருங்கள். இலை இருக்கிறது, செம்பு இருக்கிறது, கொட்டான் இருக்கிறது. இலையை எடுத்தவர் இல்லை. செம்பை விளக்கியவர் இல்லை. பொருள் மட்டும் தானாகவே சுத்தமாகி அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்ட காலம் போலத்தான் நாங்கள் பேசுகிறோம். உண்மையில் அந்த வாழ்க்கை முழுவதும் யாரோ ஒருவருடைய, பெரும்பாலும் ஒரு பெண்ணுடைய, மிகப் பெரும்பாலும் பேரம் பேச முடியாத ஒரு பெண்ணுடைய முழங்கையின் மேல் நின்றது. பிளாஸ்டிக் வந்து இலையை ஒழித்தது என்கிறோம். அது ஒழித்தது கழுவும் வேலையை. அதனால்தான் அது இவ்வளவு வேகமாக வென்றது. மலிவு என்பது பாதிக் காரணந்தான்.

எச்சில் என்ற ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. அடுத்தவர் எச்சிலைத் தொடுவது யார் வேலை என்பதில் நம் ஊர் எப்போதும் கண்டிப்பாக இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததை எல்லாரும் அறிவோம். பிளாஸ்டிக் குவளை வந்தபோது சில கடைகளில் எல்லாருக்கும் ஒரே குவளை என்று ஆனது. வேறு சில கடைகளில் சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்கு மட்டும் தூக்கி எறியும் குவளை என்று பழைய வழக்கமே புதுச் சட்டை போட்டுக்கொண்டது. ஆகவே 'பழைய வழிக்குத் திரும்புவோம்' என்று மேடையில் யாராவது சொன்னால் எனக்கு உடனே கேட்கத் தோன்றுகிறது: எந்தக் குவளைக்கு?

அதற்காகப் பிளாஸ்டிக் அந்த அக்காவுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அன்று இரவு பந்திக் குப்பை எங்கே போனது என்பதையும் பார்த்தேன். பாட்டில்களைத் தனியே கட்டி வைத்தார்கள். அதைப் பழைய சாமான் வியாபாரி எடுத்துக்கொள்வார். குவளைகளை அவர் தொடமாட்டார். காகிதமும் அதன் உள்ளே ஒட்டிய மெல்லிய பாலிதீன் படலமும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகக் கிடப்பதால் காகிதமாகவும் விலை போகாது, பிளாஸ்டிக்காகவும் விலை போகாது. மேசை விரிப்புக்கும் அதே கதி. இவை எல்லாம் சோறும் குழம்பும் ஒட்டிய நிலையில் ஊருணிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் கொட்டப்பட்டு, விடியும் முன் கொளுத்தப்பட்டன. திறந்த வெளியில் குப்பையை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு விதிகள் சொல்கின்றன. பொட்டலுக்கு அது தெரியாது. எரிந்தது போக மிச்சத்தை மாடு மேய்ந்தது. சோற்று வாசனைக்கு வாய் வைக்கும் மாடு குவளையையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. அதன் முதல் வயிற்றில் அது செரிக்காமல் பந்தாகக் கிடக்கும். புகை போன திசையில் இருப்பது கடைசி பஸ்ஸில் அந்த அக்கா இறங்கிப் போகும் கிராமம். அவர் கையிலிருந்து எடுத்த வேலையை அவர் நெஞ்சுக்குள் அனுப்பி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, காகிதக் குவளை என்றால் பிளாஸ்டிக் இல்லை என்று நம்பி அதில் காபி குடிப்பவர்களுக்கு. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குவளையில் 100 மில்லி சூடான நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் நீரில் கலந்திருந்தன. பாயசம் 15 நிமிடம் குவளையில் இருக்காது, உண்மைதான். எங்கள் வீட்டுக் கவுனி அரிசிப் பாயசம் ஒரு நிமிடங்கூட இருக்காது.

### இலைக்கு இவ்வளவு

சமையல் கான்ட்ராக்டரிடம் பேசினேன். கோபமாக அல்ல, கணக்குக் கேட்கத்தான். எங்கள் பக்கம் ஒப்பந்தம் 'இலைக்கு இவ்வளவு' என்றுதான் முடியும். அதற்குள் அரிசி, காய், இலை, ஆள்கூலி, பாட்டில், குவளை எல்லாம் அடக்கம். அவர் சொன்னார்: "டம்ளர் வைக்கலாம் ஆச்சி. கழுவ நாலு பேர் கூடுதலாக வேண்டும். நூறு நாள் வேலை வந்த பிறகு சும்மா சோற்றுக்கு யாரும் வருவதில்லை, வரவும் கூடாது. அந்தக் கூலியைத் தனியாக எழுதிக் காட்டினால் உங்கள் வீட்டில் பேரம் பேசுவார்கள். பாட்டிலை எழுதிக் காட்டினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை."

அவ்வளவுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. பாட்டிலின் விலை அச்சடித்து வருகிறது. அதனோடு வாதாட முடியாது. கையின் விலையைத்தான் குறைத்துப் பார்க்கத் தோன்றும். ஆயா காலத்தில் கை இலவசமாகக் கிடைத்தது, அதனால் பித்தளை மின்னியது. கைக்கு விலை வந்ததும் நாம் பித்தளையைப் பூட்டிவிட்டுப் பாட்டிலுக்குப் போய்விட்டோம். பண்பாடு போய்விட்டது என்று புலம்புவது எளிது. கூலியைக் கொடுக்க மனம் வரவில்லை என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. வைர நகையைப் பற்றிய கணக்கில் கஞ்சத்தனம் வராத வீடுகள் இவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

சட்டம் இந்த இடத்துக்கு வரவே இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. எந்தத் தடிமனிலும் கைப்பை கூடாது, பிளாஸ்டிக் பூசிய தட்டும் குவளையும் கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது, தண்ணீர்ப் பாக்கெட் கூடாது. துணிபோலத் தோன்றும் நெய்யாத பைகூடப் பட்டியலில் உண்டு. மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பைகளில் பாதி அதுதான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 ஜூலையில் ஒன்றிய அரசும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் சிலவற்றைத் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் தண்ணீர்ப் பாக்கெட்டுக்கு உள்ள தடை தண்ணீர்ப் பாட்டிலுக்கு இல்லை; நீலகிரி போன்ற மாவட்டத்தில் மட்டும் அதற்கும் தடை உண்டு. சோதனை என்று அதிகாரிகள் வந்தால் பூக்காரம்மாவின் கூடையிலிருக்கும் பை பிடிபடும். ஆயிரம் பாட்டில் அடுக்கிய கல்யாணப் பந்தலில் அவர்களுக்கும் ஓர் இலை போடப்படும்.

மறுசுழற்சி பார்த்துக்கொள்ளும் என்பார்கள். உலகம் 2015 வரை உற்பத்தி செய்து குப்பையாக்கிய பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடு அளவுதான் என்று 2017இல் ஒரு புகழ்பெற்ற கணக்கீடு வந்தது. நம் பக்கத்திலேயே, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், பாலிதீன் கழிவைத் துண்டாக்கி, சூடான ஜல்லியின் மேல் உருகிப் படியவைத்து, தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பெருமைதான். ஆனால் பையைக் கழுவி, காயவைத்து, பிரித்துக் கொடுத்தால்தான் அது சாலைக்குப் போகும். அங்கேயும் அதே கேள்வி வந்து நிற்கிறது.

### தண்ணீரும் ஓலையும்

இதை வீட்டில் சொன்னபோது வந்த நியாயமான எதிர்ப்பு ஒன்று, தண்ணீர். வறண்ட பூமி இது. மழை நீரைக் கூரையிலிருந்து வளவுக்கு இறக்கி, அண்டாவில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு விட்டுப் பிழைத்த ஊர்கள். சித்திரையில் கல்யாணம் வைத்தால் லாரித் தண்ணீர்தான். அதில் ஆயிரக்கணக்கான டம்ளரைக் கழுவ முடியுமா என்று அம்மான் கேட்டார். முடியும் என்று நினைக்கிறேன். தேய்க்கிற தொட்டி ஒன்று, அலசுகிற தொட்டி ஒன்று, வெந்நீர் ஒன்று என்று வைத்தால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் செலவில் சிறு பங்குதான் ஆகும். தேய்த்த நீரைப் பின்கட்டுத் தென்னைக்கு விடலாம். பாட்டிலுக்கும் தண்ணீர் செலவாகாமல் இல்லை. அது வேறு ஊர்க் கிணறு, அவ்வளவுதான் வித்தியாசம். சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, அந்தத் தண்ணீரின் ருசியைப் போகிற ஊரிலெல்லாம் பெருமை பேசுகிற காரைக்குடிக்காரர்கள், எங்கோ உறிஞ்சிய தண்ணீரை லாரியில் வரவழைத்து விருந்தாளிக்கு வைப்பதில் எனக்குச் சூழலைவிட மானம்தான் முதலில் குறுக்கே நிற்கிறது.

கொட்டானைப் பற்றி ஒரு வார்த்தை. பனையோலையில் பின்னி, ஓரத்தில் குரோஷா நூலும் மணியும் வைத்துத் தைத்த இந்தக் கூடைகள் எங்கள் சீரில் வரிசையாக வரும். ஒரு காலத்தில் ஆச்சிமார் மத்தியானப் பொழுதில் வளவுத் தூணோரம் உட்கார்ந்து பின்னியவை. பிளாஸ்டிக் ஒயர்க்கூடையும் எவர்சில்வரும் வந்தபோது கொட்டான் போய்விட்டது. அப்பத்தாவின் பெட்டியில் நிறம் மங்கி ஒன்றிரண்டு கிடந்தன. அது திரும்பி வந்தது பழம்பெருமையால் அல்ல. ஓர் அறக்கட்டளை முனைந்து, கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, பின்னியதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. விலை அதிகம் என்று முனகுபவர்கள் உண்டு. ஒரு கொட்டானுக்கு ஓலையைச் சீவிச் சாயம் ஏற்றி, காயவைத்துப் பின்னுகிறவரின் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தால் முனகல் நிற்கும். பிளாஸ்டிக்கை விரட்டிய பொருள் ஒன்று எங்கள் கண்ணெதிரில் இருக்கிறது, அது கூலி கொடுத்ததால் இருக்கிறது.

தை மாதம் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் அன்னதானம் போடுகிறார்களே, அந்தச் சாலையோரத் தட்டுகளையும் குவளைகளையும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். புண்ணியம் தேடுகிற இடத்தில் யாரும் குப்பைக் கணக்குப் பார்ப்பதில்லை. இப்போதைக்கு எங்கள் வீட்டுப் படைப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

வரும் மாசியில் எங்கள் பங்காளிகள் படைப்பு. செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிப்பது வழக்கம். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. சிங்கப்பூரில் இருந்தாலும் வரி கட்டியாக வேண்டும், கட்டுகிறார்கள். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட யோசனை சின்னது. பாட்டில், குவளை, மேசை விரிப்பு மூன்றையும் ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிடுவது. அறையைத் திறந்து டம்ளரை இறக்குவது. 'கழுவும் கூலி' என்று பட்டியலில் ஒரு வரி தனியாக எழுதி, புள்ளி வரியில் சேர்ப்பது. கழுவுகிறவர்களுக்கு ரப்பர் காலணியும், இரவு வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வேனும் அதற்குள்ளேயே. கட்டைவிரல்கள் நிறைய வந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் கேள்விகள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் பாட்டில் வைக்கலாமா? டம்ளர் தொலைந்தால் யார் பொறுப்பு? (விலாசம் எதற்கு இருக்கிறது?) வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால்? தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி வைப்பது என்று முடிவானது. பிள்ளைகளுக்குப் பாட்டில் என்பது இன்னும் இழுபறியில் இருக்கிறது. மேசை விரிப்பை எடுத்தால் மேசையைத் துடைக்கவும் ஆள் வேண்டும் என்று அண்ணன் சொன்னார். சரிதான், அதையும் கூலியில் சேர்த்தோம்.

பட்டியல் தயாராகிவிட்டது. கழுவும் கூலிக்கு எதிரே மட்டும் தொகை எழுதவில்லை. கான்ட்ராக்டரிடம் கேட்டு எழுதிவிடு என்றார் அண்ணன். கிணற்றடியில் உட்காரப் போகிறவரையே கேட்டு எழுதலாம் என்றேன். "அவரிடம் கேட்டால் கூடுதலாகச் சொல்வார்" என்கிறார். சொல்லட்டும், புள்ளிக்குப் பிரித்தால் எவ்வளவு வந்துவிடும்?